கைக்கணினிச் சந்தையை எடைபோடுதல்: இளம் ஆய்வாளருக்கு ஒரு கடிதம்



கைக்கணினித் தயாரிப்பாளர்களுக்கிடையே நடக்கும் போட்டியை மதிப்பிடும்போது முதலில் முடிவுசெய்ய வேண்டியது சந்தையின் எல்லை. யார் எத்தனை விற்றார்கள் என்ற கணக்கு அதற்குப் பிறகுதான். எல்லையைத் தவறாக வகுத்துவிட்டால், அதற்குள் போடும் கணக்கு எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் முடிவு கோணலாகத்தான் வரும். அமெரிக்காவின் பாம் நிறுவனத்தின் வரலாறு இதற்குச் சரியான பாடம். இத்தொழிலுக்கு வருகிற ஒவ்வொருவரும் அதை ஒருமுறை பொறுமையாகப் படிப்பது நல்லது.

ஆப்பிளின் நியூட்டன் கைக்கணினி 1993இல் வந்தது. மனிதர் எழுதும் கையெழுத்தை அப்படியே படித்துவிடும் என்று நம்பி வாங்கியவர்களுக்கு அது ஏமாற்றமே தந்தது. 1996இல் வந்த பாமின் பைலட் அவ்வளவு பெரிய வாக்குறுதி எதையும் தரவில்லை. அதை வடிவமைத்த ஜெஃப் ஹாக்கின்ஸ், கருவி உருவாகும் முன்பே அதே அளவில் ஒரு மரக்கட்டையைச் செதுக்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தார்; யாராவது சந்திக்க நேரம் கேட்டால் கட்டையை எடுத்துக் குறித்துக்கொள்வதுபோல் பாவனை செய்வார். பையில் அடங்குகிறதா, எடுத்த எடுப்பில் தேதியைக் காட்டுமா என்பவைதான் அவர் கேட்ட கேள்விகள். விற்பனைக்கு வந்த கருவி இரண்டு சிறிய பேட்டரிகளில் வாரக்கணக்கில் ஓடியது. தாங்கியில் வைத்து ஒரு பொத்தானை அழுத்தினால் மேசைக் கணினியில் உள்ள முகவரிகளும் நாட்குறிப்பும் அதற்குள் வந்துவிடும். அதன் நேரடிப் போட்டி மற்ற கணினிகள் அல்ல, காகித டைரி. இதைப் புரிந்துகொண்டவர்களுக்கே பைலட் ஏன் வென்றது என்பது விளங்கும்.

2000ஆம் ஆண்டில் மைக்ரோசாஃப்டின் பாக்கெட் பிசி இயங்குதளத்தோடு காம்பேக் ஐபேக் வந்தது. அதன் செயலி 206 மெகாஹெர்ட்ஸ். பாம் V கருவியின் செயலியோ 16 மெகாஹெர்ட்ஸ். இரண்டையும் பட்டியலில் அருகருகே வைத்துப் பார்த்தால் பாமின் கதை அன்றே முடிந்தது என்று தோன்றும். அப்படி முடியவில்லை. டைரி பார்க்க அவ்வளவு வேகம் தேவைப்படவில்லை. அந்த வேகத்துக்கும் வண்ணத்திரைக்கும் விலையாகப் பேட்டரி சீக்கிரம் தீர்ந்தது. அம்சப் பட்டியல் என்பது தயாரிப்பாளர் எதைச் செய்தார் என்பதைச் சொல்லும், வாங்குபவர் எதற்காகப் பணம் தருகிறார் என்பதைச் சொல்லாது.

உண்மையான ஆபத்து வேறு திசையிலிருந்து வந்துகொண்டிருந்தது. நோக்கியா 9000 கம்யூனிகேட்டர் என்ற செல்பேசி, பைலட் வந்த அதே 1996இல் வெளிவந்தது. 1998இல் சையான், நோக்கியா, எரிக்சன், மோட்டோரோலா நான்கும் சேர்ந்து செல்பேசி இயங்குதளத்துக்கான சிம்பியனைத் தொடங்கின. 1999இல் மின்னஞ்சலுக்கென்றே பிளாக்பெர்ரி வந்தது. ‘கைக்கணினி’ என்று தலைப்பிட்ட சந்தைப் பங்கு அட்டவணையில் செல்பேசிகளுக்கு இடமிருக்கவில்லை. அட்டவணையில் பாம் முதலிடத்தில் நின்ற காலத்தில்தான் அதன் வேலையைச் செல்பேசி எடுத்துக்கொள்ளத் தொடங்கியிருந்தது. 2000 மார்ச்சில் பாம் பங்குச் சந்தைக்கு வந்த முதல் நாளில், அதன் பங்குகளில் மிகப் பெரும்பகுதியை இன்னும் கையில் வைத்திருந்த தாய் நிறுவனமான த்ரீகாமைவிட அதன் சந்தை மதிப்பு உயர்ந்துவிட்டது. முதலீட்டாளர்களும் அதே எல்லைக்குள் நின்றே பார்த்தார்கள்.

போட்டி இடம் மாறும்போது வாங்குபவரும் மாறுகிறார். பைலட்டை அதைப் பயன்படுத்துபவரே கடையில் பார்த்து வாங்கினார். பிளாக்பெர்ரியைப் பெரும்பாலும் அலுவலகம் வாங்கிக் கொடுத்தது. அமெரிக்காவில் செல்பேசியை விற்றவை தொலைபேசிச் சேவை நிறுவனங்கள். எந்தக் கருவிக்கு விலைச் சலுகை தருவது என்பதை அவையே தீர்மானித்தன. ஆகவே ஒரு தயாரிப்பாளரின் பலத்தை எடைபோடுபவர், அந்தக் கருவிக்குப் பணம் கட்டுவது யார் என்பதையும் விசாரித்தாக வேண்டும்.

விற்பனை எண்களில் ஒரு கண்ணி உண்டு. நிறுவனங்கள் அறிவிப்பது பெரும்பாலும் கடைகளுக்கு அனுப்பிய எண்ணிக்கை. வாடிக்கையாளர் கைக்குப் போனது அதைவிடக் குறைவாக இருக்கலாம். 2001 மார்ச்சில் பாம் m500 வரிசையை அறிவித்தது. புதிய கருவி கடைக்கு வரத் தாமதமானது. பழையதை வாங்கவிருந்தவர்கள் காத்திருக்கத் தொடங்கினர். பொருளாதாரமும் அப்போது சரிந்துகொண்டிருந்தது. தேங்கிய சரக்கின் மதிப்பைப் பாம் பெருமளவு குறைத்து எழுத நேர்ந்தது. அனுப்பிய எண்ணிக்கையை மட்டும் நம்பியவர்களுக்கு இது திடீர் விபத்தாகத் தெரிந்தது. கடை இருப்பைக் கவனித்தவர்களுக்கு அப்படித் தெரிந்திருக்காது.

கடைசியாக, கருவியையும் இயங்குதளத்தையும் தனித்தனியே எண்ண வேண்டும். பாமை விட்டு வெளியேறிய ஹாக்கின்ஸும் டோனா டுபின்ஸ்கியும் 1998இல் ஹேண்ட்ஸ்ப்ரிங்கைத் தொடங்கி, பாம் இயங்குதளத்தையே உரிமம் பெற்று அடுத்த ஆண்டு வைஸர் கருவியை விற்றார்கள். சோனியும் அதே இயங்குதளத்தில் கிளியே கருவிகளைக் கொண்டுவந்தது. விற்ற ஒவ்வொரு வைஸரும் இயங்குதளக் கணக்கில் பாமுக்கு வரவு, கருவிக் கணக்கில் இழப்பு. 2003இல் பாம் ஹேண்ட்ஸ்ப்ரிங்கை வாங்கி, இயங்குதளப் பிரிவைப் பாம்சோர்ஸ் என்று தனியே பிரித்துவிட்டது. 2005இல் பாம்சோர்ஸை ஜப்பானின் ஆக்செஸ் வாங்கியது. 2006 தொடக்கத்தில் கடைக்கு வந்த ட்ரியோ 700w கருவியின் முகப்பில் பாம் பெயர் இருந்தது. உள்ளே ஓடியது மைக்ரோசாஃப்டின் விண்டோஸ் மொபைல்.