ஏழு குறிகளும் ஒரு ரேடாரும்

'ஆட்டோ கோரிலேஷன்' என்றதும் நமக்கு ஞாபகம் வருவது மனப்பாடம் பண்ணிய டெஃபனிஷன்தான். இரண்டு காகிதத் துண்டுகளை எடுத்துக்கொள்ளுங்கள், அஞ்சே நிமிஷத்தில் புரிந்துவிடும்.

முதலில் ரேடாரின் சங்கடம். 1 மைக்ரோ செகண்ட் பல்ஸ் அனுப்பினால், 150 மீட்டர் முன்பின்னாக வரும் இரண்டு விமானங்களைப் பிரித்துக் காட்டும். ஆனால் அதில் ஆற்றல் குறைவு. தூரத்து எதிரொலி இரைச்சலில் அமுங்கிவிடும். பல்ஸை 7 மைக்ரோ செகண்டாக நீட்டினால் ஆற்றல் 7 மடங்கு. ஆனால் 1,050 மீட்டருக்குள் வரும் இரண்டும் ஒன்றாகத் தெரியும். ஒன்று கிடைத்தால் இன்னொன்று போச்சு!

வழி என்ன? நீண்ட பல்ஸை 7 துண்டாக்கி, சில துண்டுகளின் பேஸை மட்டும் 180 டிகிரி திருப்புவது: + + + − − + −. இது 1953-ல் ஆர்.எச். பார்க்கர் வெளியிட்ட வகையைச் சேர்ந்த கோடு. இதை இரண்டு காகிதத்திலும் எழுதி, ஒன்றின் கீழ் ஒன்றாக வையுங்கள். மேலும் கீழும் ஒரே குறி என்றால் +1, மாறினால் −1. கூட்டினால் 7. கீழ்க் காகிதத்தை ஓரிடம் நகர்த்துங்கள்: 0. இன்னும் ஓரிடம்: −1. அப்புறம் 0, −1, 0, −1. ரிசீவரில் உள்ள மேட்ச்டு ஃபில்டர் செய்வதும் இந்த நகர்த்தலைத்தான். நீண்ட பல்ஸின் ஆற்றலும் கிடைக்கிறது, குறுகிய பல்ஸின் கூர்மையும் கிடைக்கிறது.

நான் முதல் தடவை கடைசிக் குறியை + என்று எழுதிவிட்டேன். இரண்டிடம் நகர்த்தியதும் −3 வந்து நின்றது! ஒரே ஒரு குறிதானே என்று விட முடியாது. பெரிய விமானத்தின் எதிரொலியில் இப்படிப் பக்கத்தில் எழும் மேடு, அருகே வரும் சின்ன விமானத்தை மறைத்துவிடும்.

ஜி.பி.எஸ்.-ஸில் பிரச்சினை வேறு. பல செயற்கைக்கோள்கள் ஒரே 1575.42 மெகாஹெர்ட்ஸில் பேசுகின்றன. அங்கே ஒன்றின் கோடு மற்றொன்றோடு ஒத்துப்போகக் கூடாது. அதற்கு உதவுவது 1967-ல் ராபர்ட் கோல்டு தந்த கோடுகள். 1,023 சிப் நீளம். சொந்தக் கோடோடு பொருந்தினால் 1,023, அடுத்ததோடு எப்படி நகர்த்தினாலும் குறியை விட்டுப் பார்த்தால் 65-ஐத் தாண்டாது.

பார்க்கர் கோடுகளுக்கு வருவோம். தெரிந்தவற்றில் நீளமானது 13. அதற்கு மேல் ஒற்றைப்படை நீளத்தில் கிடையாது என்று 1961-ல் டூரினும் ஸ்டோரரும் நிரூபித்துவிட்டார்கள். இரட்டைப்படையில் 4-க்கு மேல் யாரும் கண்டதில்லை. இல்லவே இல்லை என்று முழுசாக நிரூபித்தவரும் இல்லை. கணக்கில் பிரியமுள்ளவர்களுக்கு அந்த இடம் காலியாகத்தான் இருக்கிறது.