கடலில்லா ஊரில் கடற்காவல்

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26 அன்று காலையில், சுமத்ரா தீவுக்கு அருகே கடலடியில் பெரும் நிலநடுக்கம் ஏற்பட்டது. ஏறத்தாழ இரண்டு மணி நேரம் கழித்தே ஆழிப்பேரலை நாகப்பட்டினத்தைத் தாக்கியது. தப்பிச் செல்ல நேரம் இருந்தும், எச்சரிக்கும் அமைப்பு இல்லாமையால் ஆயிரக்கணக்கானோர் மாண்டனர்.

அக்குறையைப் போக்க, 2007இல் ஐதராபாத்தில் ஆழிப்பேரலை எச்சரிக்கை மையம் தொடங்கப்பட்டது. அந்நகரில் கடல் இல்லை. ஆயினும், நிலநடுக்கச் செய்தி சில நிமிடங்களில் அங்கு வந்து சேரும். ஆழ்கடலின் தரையில் உள்ள கருவி, நீரழுத்த மாற்றத்தை அளக்கும். மேலே மிதக்கும் மிதவை, அவ்வளவைச் செயற்கைக்கோள் வழியாக மையத்திற்கு அனுப்பும். அபாயம் உண்டெனில், கடலோர மாநிலங்களுக்கு உடனே எச்சரிக்கை செல்லும். அதனைக் கேட்டவுடன் மேட்டுநிலத்திற்கு விரைவது மக்களின் கடமையாகும்.

சிந்தித்து எழுதுக: கடலில்லா ஊரிலுள்ள மையம் கடலின் மாற்றத்தை எவ்வாறு அறிகிறது?