சிவப்பு எங்கே போயிற்று?

திருகோணமலையை அடுத்த நிலாவெளிக்கு எதிரே இருக்கும் புறாத்தீவில் பவளப்பாறைகளுக்கு மேலே நீந்தி எடுத்த படங்கள் பெரும்பாலும் நீலப்பச்சை மூட்டமாகவே வந்து சேரும். கமரா பிழை செய்யவில்லை. கடல்நீர் முதலில் விழுங்குவது சிவப்பு ஒளியைத்தான். சில மீற்றர் ஆழத்திலேயே அது மங்கிவிடும். படம் திருத்த எந்த மென்பொருளில் தொடங்கலாம் என்று திருகோணமலையில் யாரும் கேட்டால், இந்தப் படத்தையே சோதனையாக வைக்கலாம். சிவப்பை மட்டும் தனியே பிடித்து உயர்த்த அந்த மென்பொருள் விடுகிறதா? நாளைக்கு மனம் மாறினால், உயர்த்தியதை மறுபடி திறந்து குறைக்க விடுகிறதா? விலையும் பெயரும் கருவிகளின் எண்ணிக்கையும் இந்த இரண்டுக்கும் பிறகுதான்.

ஏனென்றால் தொடக்கக் கருவிகள் எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒன்றுதான்: வெட்டுவது, சாய்வை நிமிர்த்துவது, இருளையும் வெளிச்சத்தையும் சரிசெய்யும் லெவல்ஸ், வெள்ளைச் சமநிலை, கறை நீக்குவது. வேறுபாடு, திருத்தம் எங்கே போய்ச் சேர்கிறது என்பதில் இருக்கிறது. போட்டோஷொப் 1996இலேயே திருத்தத்தைப் படத்தின் மேல் தனி லேயராக, கண்ணாடித்தாள் போலப் போட விட்டது. தாளை எடுத்தால் அசல் அப்படியே கிடக்கும். பெர்க்லி மாணவர் இருவர் 1995இல் தொடங்கிய இலவச மென்பொருளான கிம்ப், இந்த இடத்துக்கு வர 2025 ஆயிற்று. அந்த ஆண்டு வந்த 3.0 பதிப்புக்கு முன்னர் லெவல்ஸை இட்டால் அது படத்தோடு கரைந்துவிடும். ஆகவே பழைய காணொளிப் பாடங்களைப் பார்த்து அதற்கு முந்தைய 2.10 பதிப்பை நிறுவுகிறவர்கள், முதலில் லேயரைப் பிரதி எடுத்துக்கொண்டே கை வைக்க வேண்டும்.

கைபேசி போதாதா என்பார்கள். முதல் மாதத்துக்குத் தாராளமாகப் போதும். கூகுள் 2012இல் வாங்கிய ஸ்னாப்சீட் செயலி இலவசம். வளைகோட்டால் ஒளியையும் நிறத்தையும் திருத்தும் அதன் கேர்வ்ஸ் கருவியில் சிவப்புத் தனியாக உண்டு. செய்த திருத்தங்களை வரிசையாகக் காட்டி, வேண்டியதைத் திறக்கவும் விடும். திருகோணமலையின் டச்சுக்குடாவில் காலைச் சூரியனைப் பார்த்து எடுத்த படத்தில் கடல்விளிம்பு சரிந்திருந்தால் நிமிர்த்த ஒரு நிமிடம் ஆகாது. கடலோர ஊரில் இந்த ஒரு கருவிதான் அதிகம் தேவைப்படும் என்பது என் எண்ணம். ஆனால் வள்ளத்தை விட்டுவிட்டு வானத்தை மட்டும் இருட்டாக்க வேண்டுமென்றால், விரல்நுனி வள்ளத்தின் விளிம்பில் தடுமாறும். அங்கேதான் கணினி வேண்டியிருக்கிறது.

ஸ்டூடியோவிலோ அச்சகத்திலோ வேலை தேடுபவர் போட்டோஷொப் தெரியாமல் என்ன செய்வது என்ற கேள்வி நியாயமானது. 2013இலிருந்து அதன் புதிய கணினிப் பதிப்புகள் சந்தாவுக்குத்தான். கைமாறி வரும் திருட்டுப் பிரதி சட்டத்துக்குப் புறம்பு, வைரஸுக்கும் வாசல். இந்த இரண்டுக்கும் மாற்றாகப் போட்டோபீ இருக்கிறது: உலாவியிலேயே திறக்கும், மெனுவும் குறுக்குவிசைகளும் போட்டோஷொப்பை ஒட்டியவை, திருத்த லேயர்கள் உண்டு, போட்டோஷொப்பின் பிஎஸ்டி கோப்பாகச் சேமிக்கும். படம் உங்கள் கணினியை விட்டு வெளியே போவதில்லை என்பதால் டேட்டாவும் அதிகம் கரையாது. ஓரத்தில் விளம்பரம் வரும். பெரிய படத்தில் பழைய மடிக்கணினி திணறும். வேலைக்காகப் பழகுபவருக்கு இதுவே என் தெரிவு. இணையம் நிச்சயமில்லாத வீட்டுக்குக் கிம்ப் 3. போட்டோஷொப்புக்குப் பணம் கட்டுவது, முதலாளி கேட்கும் நாள்வரை காத்திருக்கலாம்.

எதைத் தெரிவு செய்தாலும், பதிவாகாத சிவப்பை எந்த மென்பொருளும் மீட்காது. ஜேபெக் கோப்பில் ஒரு நிறத்துக்கு 256 படிகள்தாம். அதில் சிவப்பை இழுத்து நீட்டினால் மணல்மணலாகப் புள்ளி எழும். கமரா பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரோ கோப்பு 12 பிட் ஆனால், அதில் 4096 படிகள் உண்டு. கமரா அனுமதித்தால் அதிலேயே எடுங்கள். ஸ்னாப்சீட் டிஎன்ஜி வகை ரோவைத் திறக்கும். கிம்ப் அந்த வேலையை டார்க்டேபிள் போன்ற துணை மென்பொருளிடம் விடும். கூட நீந்துபவரின் வெள்ளைப் பனியன் ஒரு படத்திலாவது அதே ஆழத்தில் விழட்டும். வெள்ளைச் சமநிலையின் துளிக்குழாயை அந்தப் பனியனில் வைத்துத் தொட்டால், சிவப்பு எவ்வளவு குறைந்திருக்கிறது என்று ஊகிக்க வேண்டியிராது.