கடற்பாசியிலும் கடற்பஞ்சிலும் வாழும் நுண்ணுயிர்கள்: ஊராட்சிகள் அறிய வேண்டியவை

குளத்தூர் வட்டத்து உழவர்களுக்குக் கடலைப் பற்றி எழுதுவதால் என்ன பயன் என்று சிலர் வினவக்கூடும். நம் ஊர்ப் பெயரில் குளம் உண்டு, கடல் இல்லை. ஆயினும் புதுக்கோட்டை மாவட்டத்தின் கிழக்கெல்லை கடலே ஆகும். கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம், மணமேல்குடி, மீமிசல் முதலிய ஊர்களின் கரையைப் பாக் நீரிணை தொட்டுக்கொண்டிருக்கிறது. கடலில் விளையும் பாசியின் சாறு இன்று புட்டியில் அடைபட்டு உரக்கடைகளுக்கும் வந்துவிட்டது. அதனினும் முக்கியமானது ஒன்று உண்டு. கடலில் வாழும் நுண்ணுயிரை எவர் எடுக்கலாம், அதனால் வரும் பயனில் எவருக்குப் பங்கு என்பவற்றை வரையறுக்கும் சட்டம் எதுவோ, அதுவே நம் வயல் மண்ணிலும் குளத்துச் சேற்றிலும் வாழும் நுண்ணுயிருக்கும் பொருந்துவதாகும்.

நுண்ணுயிர் என்றதும் நோயையே நினைப்பது நம் வழக்கம். நிலக்கடலைச் செடி ஒன்றை வேரோடு பிடுங்கி, மண்ணை அலசிவிட்டுப் பாருங்கள். வேரில் கடுகளவும் மிளகளவுமாக முடிச்சுகள் காணப்படும். ஒன்றை நகத்தால் கீறினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். அதுவே ரைசோபியம் என்னும் நுண்ணுயிரின் குடியிருப்பு. செடி தன் இலையில் ஆக்கிய சர்க்கரையை அதற்கு அளிக்கிறது. அது காற்றில் உள்ள தழைச்சத்தைப் பிடித்துச் செடிக்கு ஊட்டுகிறது. இக்கூட்டு வாழ்க்கையை நம்பியே ரைசோபியத்தை ஆறிய அரிசிக் கஞ்சியில் கலந்து, விதையில் பூசி, நிழலில் உலர்த்தி விதைக்கின்றோம். (வெயிலில் உலர்த்துவோரும் உளர், விலை கொடுத்து வாங்கிய உயிரைத் தாமே கொன்றுவிடுகின்றனர்.)

கடலிலும் இதே கூட்டு வாழ்க்கை நடைபெறுகின்றது. மண்டபம், பாம்பன் பகுதிப் பெண்கள் மூழ்கி எடுக்கும் மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப் பாசி, கட்டக்கோரை ஆகியவற்றின் மேற்பரப்பு முழுவதும் பாக்டீரியாக்கள் படிந்து வாழ்கின்றன. பாசியிலிருந்து கசியும் உணவு அவற்றுக்கு. கைம்மாறாக அவை பாசிக்குக் காவல். கடல்நீரில் கிருமிகளுக்குக் குறைவில்லை. பாசியின்மேல் முதலில் இடம் பிடித்த பாக்டீரியா, பின்னால் வருவனவற்றை விரட்டச் சில இரசாயனப் பொருள்களைச் சுரக்கின்றது. காவல் மட்டுமன்று, பாசியின் வடிவமே சில இடங்களில் நுண்ணுயிரின் தயவில் உள்ளது. உல்வா என்னும் பச்சைப்பாசியை நுண்ணுயிர் சிறிதும் இல்லாத நீரில் வளர்த்தால், அது இலைபோல் விரியாமல் உருவற்ற திரளாகவே கிடக்கின்றது.

அந்தக் காவற் பொருளை மனிதருக்கு மருந்தாக்கலாமா என்பதே விஞ்ஞானிகளின் கேள்வி. கொச்சியிலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார், மன்னார் வளைகுடாவில் எடுத்த கடற்பாசிகளிலிருந்து பாசில்லஸ் இனப் பாக்டீரியாக்களைப் பிரித்தெடுத்து, வழக்கமான மருந்துகளுக்கு அடங்காத கிருமிகளையும் தடுக்கும் பொருள்கள் அவற்றில் இருப்பதைக் கண்டனர். ஆய்வுக்கூட முடிவுக்கும் மருத்துவமனை மருந்துக்கும் இடையே பல்லாண்டுத் தொலைவு உண்டு என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். பாசியை அரைத்துக் குடித்தால் நோய் தீரும் என்று எவரேனும் விற்க வந்தால் நம்பற்க.

உரக்கடைப் புட்டியில் இருப்பது வேறு. மத்திய உப்பு மற்றும் கடல்சார் இரசாயன ஆராய்ச்சி நிலையத்தார் கப்பாபைகஸ் என்னும் பாசியைப் பச்சையாகவே பிழிந்து சாறெடுக்கும் முறையைக் கண்டறிந்தனர். சாறு பயிருக்குத் தெளிப்பாகிறது. சக்கையிலிருந்து பனிக்கூழ் முதலியவற்றைக் கெட்டியாக்கும் பொருள் கிடைக்கிறது. சாற்றில் சாம்பற்சத்தும் வளர்ச்சி ஊக்கிகளும் உண்டு. ஆனால் அது தொழுவுரத்துக்கோ அடியுரத்துக்கோ மாற்று ஆகாது. 1985ஆம் ஆண்டு உரக் கட்டுப்பாட்டு ஆணை 2021இல் திருத்தப்பெற்று இத்தகைய ஊக்கிகளும் அதன்கீழ்க் கொண்டுவரப்பட்டன. எனவே சீட்டில் உள்ள விவரங்களைப் படித்து, இரசீது பெற்றே வாங்குக.

இனிக் கடற்பஞ்சு. இது செடியன்று, விலங்கு. வாயில்லை, கண்ணில்லை, நகர்ச்சியுமில்லை. பாறையில் ஒட்டிக்கொண்டு நீரை உறிஞ்சி வடிகட்டி உண்டு வாழ்கின்றது. சில வகைகளின் எடையில் மூன்றில் ஒரு பங்கு நுண்ணுயிர்களே. ஓடவும் கடிக்கவும் இயலாத இவ்விலங்கு நஞ்சையே ஆயுதமாகக் கொண்டுள்ளது. கரிபியன் கடற்பஞ்சு ஒன்றில் 1950ஆம் ஆண்டை ஒட்டிக் கண்ட பொருள்களை மாதிரியாகக் கொண்டு உருவானதே இரத்தப் புற்றுக்குத் தரப்படும் சைட்டரபின். 1969இல் அமெரிக்காவில் அதற்கு அனுமதி கிடைத்தது. ஜப்பானில் 600 கிலோ கடற்பஞ்சை அரைத்து எடுத்த ஹாலிகாண்ட்ரின் என்னும் பொருளோ வெறும் 12.5 மில்லிகிராம்! ஓர் அரிசியின் எடைகூட இல்லை. அதன் அமைப்பைப் பின்பற்றி ஆய்வுக்கூடத்தில் செய்யப்பட்ட எரிபுலின், மார்பகப் புற்றுக்கு மருந்தாக 2010இல் அனுமதி பெற்றது.

இப்படி அரைத்துக்கொண்டே போனால் கடலில் பஞ்சு மிஞ்சாது. இங்கேதான் நுண்ணுயிர் கைகொடுக்கிறது. ஜப்பானியக் கடற்பஞ்சு ஒன்றில் காணப்பட்ட வீரியப் பொருள்கள் ஏறக்குறைய அனைத்தையும் ஆக்குவது பஞ்சன்று, அதனுள் குடியிருக்கும் ஒரு பாக்டீரியாவே என்று 2014இல் நிறுவினர். சமையற்காரர் கிடைத்தபின் வீட்டை இடிப்பானேன்? நுண்ணுயிரைத் தொட்டியில் வளர்த்தால் போதும். அது வளர மறுத்தால் (பல மறுக்கின்றன), அதன் மரபணுவை வளரக்கூடிய வேறொரு நுண்ணுயிரில் புகுத்தி வேலை வாங்க முயல்கின்றனர். நீரிழிவு நோயாளிகளுக்குரிய மனித இன்சுலின் 1982 முதல் இவ்வாறு பாக்டீரியாவைக் கொண்டே செய்யப்பட்டு வருகிறது.

கடலைக் காக்க இது நல்ல வழி. ஆனால் கரையில் வாழ்வோருக்கு இதில் ஒரு நட்டமும் ஒளிந்துள்ளது. பாசி வேண்டுமெனில் வணிகர் ஆண்டுதோறும் நம்மிடம் வந்தாக வேண்டும். நுண்ணுயிர் வேண்டுமெனில் ஒரு சிட்டிகை போதும். ஒரு முறை எடுத்தவர் மறுமுறை வர வேண்டியதே இல்லை. ராப்பா நூயி என்னும் பசிபிக் தீவுக்கு 1964இல் சென்ற கனடாக் குழுவினர் மண் மாதிரிகளை எடுத்துச் சென்றனர். அம்மண்ணின் நுண்ணுயிர் ஒன்றிலிருந்து பிறந்ததே ராப்பாமைசின். 1999 முதல் சிறுநீரக மாற்றுச் சிகிச்சையில் பயன்படும் விலையுயர்ந்த மருந்து. மருந்தின் பெயரில் தீவின் பெயர் இருக்கிறது. வருவாயில் தீவினருக்குப் பங்கு தரும் ஏற்பாடு எதுவும் அன்று இல்லை.

நம் நாட்டில் 2002ஆம் ஆண்டு இயற்றப்பட்ட உயிரியல் பல்வகைமைச் சட்டம் இக்குறையைத் தீர்க்க வந்தது. தாவரம், விலங்கு ஆகியவற்றோடு நுண்ணுயிரும் உயிரியல் வளமே என அது வெளிப்படையாகக் கூறுகின்றது. இச்சட்டப்படிக் கிடைத்த முதற்பயன்களுள் ஒன்று நம் கடற்கரைக்கே உரியது. பெப்சி நிறுவனம் தமிழகக் கரையில் விளைந்த கப்பாபைகஸ் பாசியை வெளிநாடுகளுக்கு அனுப்பியதற்காக, 2007ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி, சென்னையிலுள்ள தேசியப் பல்லுயிர் ஆணையத்திற்கு 35 லட்சம் ரூபாய்க்கு மேல் செலுத்தியது. அப்பாசியே வெளிநாட்டிலிருந்து கொண்டுவரப்பட்டதுதான். குருசடைத் தீவருகே பவளப்பாறைகளில் அது படர்ந்த செய்தியும் 2008இல் வெளியாயிற்று. அது தனி வழக்கு. பங்கு கேட்க வழியுண்டு என்பதை இத்தொகை காட்டிற்று.

எடையிட்டு ஏற்றுமதியாகும் பாசிக்குப் பங்கு கேட்பது எளிது. சிட்டிகை மண்ணுக்குக் கேட்க வேண்டுமெனில் அது எங்கிருந்து போயிற்று என்ற சான்று வேண்டும். சட்டப்படி ஒவ்வோர் உள்ளாட்சி அமைப்பிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு அமைய வேண்டும். அக்குழு மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டை ஆக்க வேண்டும். ஆணையமும் மாநில வாரியமும் அப்பகுதி வளத்தைப் பற்றி முடிவெடுக்குங்கால் அக்குழுவைக் கலந்தாக வேண்டும். பதிவேட்டை ஒருநாள் வேலையாக நிரப்பி அலமாரியில் வைத்துவிட்டால் இது எதுவும் நடவாது. மரங்களின் பட்டியலோடு நின்றுவிட்ட பதிவேடுகளே மிகுதி என்பது நம் கருத்து.

மண்ணோ, குளத்துச் சேறோ, வேரோ எடுக்க வருவோர் எவராயினும் அவர் பெயர், நிறுவனம், நாள், எடுத்த இடம், அளவு, நோக்கம் ஆகிய ஆறையும் எழுதிக் கையொப்பம் பெறுக. ஆராய்ச்சி மாணவர்களை விரட்டுதல் இதன் நோக்கமன்று; அவர்களுக்கும் இடம், நாள் பற்றிய சான்று தேவைப்படும். அனுமதிக் கடிதம் வைத்திருந்தால் ஒரு படியைப் பதிவேட்டில் ஒட்டுக. வணிக நிறுவனத்தார் எனில், தமிழ்நாடு பல்லுயிர் வாரியத்திற்குத் தெரிவித்தனரா என்று கேட்டு, ஐயமிருப்பின் வாரியத்திற்கே எழுதுக. எந்தக் குளத்து மண் வயலுக்கு உகந்தது, எந்தக் காட்டில் கடலை வேரில் முடிச்சு மிகுதி என்பன ஊர்ப் பெரியவர்களுக்குத் தெரியும். அடுத்த கிராம சபையில் பதிவேட்டை உரக்கப் படித்து, விடுபட்டவற்றை அவர்கள் வாயால் சொல்லக் கேட்டு அன்றே சேர்த்துக்கொள்ளலாம்.