பட்டினிக்குப் பின் ஆகாரம்

நெடுநாள் பட்டினி கிடந்தவனைக் கண்டால், இலை நிறைய அன்னமிட்டு அவனை வயிறாரப் புசிக்கச் செய்ய வேண்டுமென்று எண்ணுவது நம் ஜனங்களின் இயற்கை. தருமங்களுள் அன்னதானத்தைத் தலையாயதாகக் கருதும் தேசத்தில் இவ்வெண்ணம் எழுவது வியப்பன்று. ஆயினும், பல நாட்கள் சொற்ப ஆகாரத்தோடு காலங்கழித்த ஒருவனுக்கு முதல் நாளிலேயே அளிக்கப்படும் பெருஞ்சோறு அவன் உயிருக்கே ஹானி விளைவிக்கக்கூடும். பஞ்சம், வெள்ளம், தீராத நோய், நெடிய உபவாசம், உடல் மெலிவதற்காக மேற்கொள்ளும் கடுமையான உணவுக் குறைப்பு ஆகிய எக்காரணத்தால் பட்டினி நேர்ந்தாலும் இவ்வுண்மை ஒன்றே. ஆகையால், பட்டினிக்குப் பின் ஆகாரத்தைப் பெருக்கும் முறையை ஒவ்வோர் அங்கத்தினரும் அறிந்திருத்தல் அவசியம்.

1. அனுபவம் கற்பித்த பாடம்

1943-ம் வருஷம் வங்காளத்தில் நேர்ந்த பஞ்சத்தில் சுமார் 30 லட்சம் ஜனங்கள் மாண்டனர் என்று பிற்கால ஆராய்ச்சியாளர் கணக்கிட்டுள்ளனர். அப்பஞ்சத்தில் நலிந்தோருக்கென்று பால்மாவு, மாவு, சர்க்கரை, உப்பு ஆகியவற்றை நீரிற் கரைத்த கலவையொன்று கொடுக்கப்பட்டது. அதற்கு வங்காளப் பஞ்சக் கலவை என்ற பெயர் நிலைத்தது.

1945-ம் வருஷம் ஏப்ரல் 15-ம் தேதி ஜெர்மனியில் நாஜி அரசின் பெர்கன்-பெல்ஸன் முகாமைப் பிரிட்டிஷ் சேனை அடைந்தபோது, அங்கே சுமார் 60,000 பேர் எலும்புந்தோலுமாய்க் கிடந்தனர். இரக்கங்கொண்ட சிப்பாய்கள் தம்மிடமிருந்த தகரடப்பா இறைச்சி முதலிய கொழுப்பு மிகுந்த உணவுகளை வாரி வழங்கினர். அவற்றைத் தாங்கமாட்டாமல் பலர் இறந்தனர். காய்ச்சலாலும் பட்டினியின் விளைவாலும் இறந்தவர்களையுஞ் சேர்த்து, விடுதலைக்குப் பின்னர் மாண்டவர் தொகை 13,000-க்கு மேற்பட்டது. வங்காளப் பஞ்சக் கலவை அங்கேயும் வழங்கப்பட்டது. ஆனால், அதன் மிகுந்த தித்திப்பு அந்நாட்டாருக்கு ஒவ்வாமையால் பலர் அதை ஏற்கவில்லை. கொடுக்கும் ஆகாரம் அளவிற் சிறிதாயிருத்தலோடு, உண்பவரின் வழக்கத்திற்கு இணங்கியதாயும் இருத்தல் வேண்டும் என்பது இதனாற் பெறப்படும்.

2. தேகத்தில் நிகழ்வது யாது?

ஒரு சங்கத்தின் பேரேட்டில் சரக்கு இருப்பு சரியாகவே காணப்படுகிறது. கிடங்கைத் திறந்து பார்த்தாலோ மூட்டைகள் இல்லை. கேட்பார் இல்லாதவரையில் குறை வெளிப்படாது. ஒரே நாளில் அங்கத்தினர் யாவரும் சரக்குக் கேட்டு வந்தால் சங்கம் நிலைகுலையும். பட்டினி கிடந்த தேகத்தின் நிலையும் இத்தகையதே.

ஆகாரம் குன்றும்போது தேகம் தன் கொழுப்பையும் தசையையும் கரைத்து உயிர் வாழ்கிறது. பாஸ்பரஸ், பொட்டாசியம், மெக்னீசியம் என்னும் உப்புச் சத்துக்களும் படிப்படியாகக் குறைந்து போகின்றன. எனினும், இரத்தத்தைப் பரிசோதித்தால் அவை போதிய அளவு இருப்பதுபோலவே தோன்றக்கூடும். அந்நிலையில் சோறும் சர்க்கரையும் மிகுதியாக உட்சென்றால், இன்சுலின் என்னும் ஊறல் திடீரெனப் பெருகும். அது மாவுச்சத்தோடு மேற்கூறிய உப்புக்களையும் இரத்தத்தினின்று தேகத்தின் நுண்ணறைகளுக்குள் இழுத்துச் சென்றுவிடும். இரத்தத்தில் அவை குன்றவே, இருதயத்தின் துடிப்பு நிலைதவறும்; சுவாசத்திற்குரிய தசைகள் தளரும். மாவுச்சத்தைச் சக்தியாக மாற்றுவதற்கு வேண்டிய தயமின் என்னும் ஜீவசத்தும் தீர்ந்துபோய், புத்தி தடுமாற்றம் உண்டாகலாம். உப்பும் நீரும் தேகத்தில் தங்கிக் கால்கள் வீங்கும். ஆகாரம் தொடங்கிய முதற் சில நாட்களிலேயே இவை பெரும்பாலும் நிகழ்கின்றன.

3. அபாயம் யாருக்கு?

ஏகாதசி முதலிய தினங்களில் ஒரு நாள் உபவாசமிருக்கும் திடகாத்திரமுள்ளோர் இது குறித்து அஞ்ச வேண்டுவதில்லை. பத்து நாட்களுக்கு மேல் ஏறக்குறைய ஒன்றும் உண்ணாதவர். உயரத்திற்குத் தக்க எடையின்றி மிகவும் மெலிந்தவர். மூன்று முதல் ஆறு மாதங்களுக்குள் தம் எடையில் நூற்றுக்குப் பதினைந்து பங்குக்கு மேல் இழந்தவர். நெடுநாள் மதுபானத்தால் நலிந்தவர் ஆகியோரே ஜாக்கிரதையாயிருக்க வேண்டியவர். 60 கிலோ எடையிலிருந்து 51 கிலோவுக்குக் கீழே இறங்கியவர் இவ்வகையிற் சேர்ந்தவராவர். பருத்த தேகமுடையவருங்கூட, மிகக் குறைந்த ஆகாரத்தால் விரைவில் எடை இழந்திருப்பின், தமக்கு அபாயமில்லையென்று இருந்துவிடலாகாது.

இத்தகையோரை முதலில் வைத்தியரிடம் அழைத்துச் செல்லுதலே முறை. இரத்தப் பரிசோதனையும், ஆகாரத்திற்கு முன்னரே தயமின் கொடுத்தலும் அவரால் நடைபெற வேண்டியவை. நலிந்த குழந்தைகளுக்கு ஆஸ்பத்திரியில் பிரத்தியேகமான பால் கலவை அளந்து கொடுக்கப்படுகிறது. வீட்டிலே அதற்கு ஈடு தேடுதல் தகாது.

4. ஆகாரத்தைப் பெருக்கும் முறை

ஆகாரம் அளிக்கும் சக்தியைக் கலோரி என்னும் அளவையாற் கணக்கிடுவர். நூறு கிராம் அரிசியில் சுமார் 350 கலோரி உண்டு. அபாயமுள்ளவருக்கு முதல் நாள், எடையில் கிலோ ஒன்றுக்கு 10 கலோரிக்கு மேற்படாமல் கொடுக்கத் தொடங்கி, நான்கு முதல் ஏழு நாட்களில் முழுத் தேவையை எட்டச் செய்யலாம் என்று 2006-ல் பிரிட்டனில் வெளியான வைத்திய நெறிமுறை கூறுகிறது.

40 கிலோ எடையுள்ளவருக்கு இக்கணக்கின்படி முதல் நாளைக்கு 400 கலோரி ஆகும். அரை லிட்டர் பசும்பாலும், 20 கிராம் அரிசியிற் காய்ச்சிய கஞ்சியும் ஏறக்குறைய இவ்வளவைத் தரும். இதனை ஆறு வேளையாகப் பகிர்ந்து அருந்தச் செய்யலாம். மூன்றாம் நாள் 600, ஐந்தாம் நாள் 900, ஏழாம் நாள் 1,200 என்று ஏற்றிச் செல்லலாம். இஃது ஒரு மாதிரிக் கணக்கேயன்றி, வைத்தியரின் சீட்டுக்கு மாற்றன்று.

சித்த வைத்தியத்தில் மருந்துண்டு முடிந்த பின் அனுசரிக்கும் மறுபத்தியமும், காய்ச்சல் தெளிந்தவருக்குக் கஞ்சியும் குழைந்த சோறும் கொடுத்து வரும் நம் வழக்கமும் இம்முறையோடு ஒத்தவை. ஆயினும் கஞ்சித் தெளிவு ஒன்றையே கொடுத்தல் போதாது. அதில் மாவுச்சத்தன்றி வேறு சத்து மிகச் சொற்பம். பால், மோர், பாசிப்பயறு, முட்டை, மீன் ஆகியவற்றில் பாஸ்பரஸ் உண்டு. பயறுகளிலும் கீரையிலும் கேழ்வரகிலும் மெக்னீசியம் உண்டு. வாழைப்பழத்திலும் இளநீரிலும் பொட்டாசியம் உண்டு. பால் குடித்துக் கழிச்சல் ஏற்படுமாயின் மோராகக் கொடுக்கலாம். தீட்டிய பச்சரிசியைவிடப் புழுங்கலரிசியில் தயமின் மிகுதியாக நிற்கிறது. முற்காலத்தில் வட சர்க்கார் ஜில்லாக்களில் பெரிபெரி நோய் பரவியிருக்க, புழுங்கலரிசி உண்ட தமிழ் ஜில்லாக்களில் அஃது அரிதாயிருந்ததற்கு இதுவே காரணம். பாயசம், வெல்லப்பாகு, நெய்ப் பலகாரம் ஆகியவற்றை முதல் வாரத்தில் விலக்குதல் நன்று.

இக்காலத்தில் கால்வீக்கம், மூச்சுத் திணறல், படபடப்பு, மிகுந்த தளர்ச்சி, பிதற்றல், வலிப்பு ஆகியவற்றுள் ஒன்று காணப்படினும் தாமதியாமல் ஆஸ்பத்திரி சேர்க்க வேண்டும்.

5. குறைவிலேயே நிறுத்துவதும் பிழை

மேற்கூறியவற்றைக் கேட்டு அஞ்சி, நோயாளியை என்றும் அரைவயிற்றோடு வைத்திருத்தல் மற்றொரு தவறு. 1944 நவம்பர் முதல் 1945 இறுதி வரையில் அமெரிக்காவின் மின்னஸோட்டா சர்வகலாசாலையில் ஆன்ஸெல் கீஸ் என்பவர் 36 ஆடவரைக் கொண்டு ஒரு பரிசோதனை நடத்தினார். யுத்தத்தாற் பட்டினி கிடந்த தேசங்களுக்கு உதவும் வழியை அறியவேண்டி அவர்கள் தாமே முன்வந்தவர்கள். 24 வாரங்கள் நாளொன்றுக்குச் சுமார் 1,570 கலோரியே உண்டு, தம் எடையில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கை இழந்தனர். பின்னர் 12 வாரங்கள் நான்கு பிரிவாக வெவ்வேறு அளவில் ஆகாரம் கூட்டப்பட்டது. சிறிதளவே கூட்டப்பெற்றவர் தேறவில்லை. ஜீவசத்து மாத்திரைகளும் அக்குறையை ஈடுசெய்யவில்லை. நன்கு தேறுவதற்கு நாளொன்றுக்கு 4,000 கலோரி வரையில் வேண்டியிருக்கும் என்று கீஸ் முடிவு செய்தார். ஆகவே அபாய நாட்கள் கடந்தபின், பல மாதங்கள் நிறைவான ஆகாரம் அளிக்கப்பட வேண்டும்.

6. சங்கம் செய்யத்தக்கவை

வெள்ளம், வறட்சி முதலிய ஆபத்துக்காலத்தில் சங்கத்தார் கஞ்சித்தொட்டி அமைப்பின், மிகவும் நலிந்தோரைத் தனியே அமர்த்தி, அவர்களுக்குச் சிறு குவளையால் அடிக்கடி அளந்து கொடுக்க ஒருவரை நியமிக்கலாம். கஞ்சியிற் பயறும் மோரும் சேர்ப்பதற்குச் சங்கத்தின் பொதுநன்மை நிதியில் இடமுண்டா என்று முன்னரே ஆலோசித்தல் நலம். ஆஸ்பத்திரிக்கு வண்டி கிடைக்கும் வழியையும் எழுதி வைத்தல் வேண்டும்.

இப்பாடத்தின் சாரம்: முதலிற் சிறிது, நாளுக்கு நாள் ஏற்றம், முடிவில் நிறைவு.

கூட்டத்தில் ஆலோசிக்கத்தக்க வினாக்கள்

1. பட்டினி கிடந்தவர் இரத்தத்தில் உப்புச் சத்து சரியாகக் காணப்பட்டாலும் அபாயம் நீங்கவில்லை என்பது ஏன்?
2. வெறுங்கஞ்சி மட்டும் போதாது என்பதற்குக் காரணம் யாது? இவ்வூரில் அதனோடு சேர்க்கக் கிடைப்பவை யாவை?
3. இவ்வூரில் நெடுநாள் சரியாக உண்ணாதிருக்கும் முதியோர், நோயாளர் எவரேனும் உண்டா? அவர்களை விசாரிக்கும் பொறுப்பு யாருடையது?