மஞ்சளில் காரீயம்: கண்டுபிடிச்சது எப்படி?

போடியில ஏலக்காய் ஏலம் பார்த்தவங்களுக்குத் தெரியும்: காய் நல்ல பச்சையா இருந்தா விலை ஏறும், வெளுத்திருந்தா இறங்கும். நிறத்துக்குக் காசுன்னா, நிறத்தைக் கூட்டிக் காட்டவும் ஆள் வரும். அது எங்கே கொண்டுபோய் விடும்ங்கிறதுக்கு வங்கதேசத்து மஞ்சள் ஒரு பாடம்.

1980-களில் அங்கே வெள்ளத்தில் நனைந்த மஞ்சள் மங்கிப்போனது. அதை மறைக்கச் சிலர் லெட் குரோமேட் பூச ஆரம்பித்தார்கள். பெயின்ட்டுக்குப் போடும் மஞ்சள் பொடி அது. (நம்ம வீட்டு ஈயச் சொம்பு வெள்ளீயம், அதாவது டின். இது காரீயம், அதாவது லெட்.) பல வருஷம் கழித்து, ஃபேக்டரியே இல்லாத கிராமங்களில் கர்ப்பிணிகளின் ரத்தத்தில் காரீயம் அதிகமாக இருந்தது. எங்கிருந்து வந்தது?

இங்கேதான் ஐசோடோப் உதவுது. யுரேனியமும் தோரியமும் சிதைந்து கடைசியில் காரீயம்-206, 207, 208 ஆகின்றன. இவற்றின் விகிதம் தாதுவுக்குத் தாது வேறுபடும். சமைத்தாலும், உடம்புக்குள் போனாலும் அது மாறாது. கைரேகை மாதிரி. ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் ரத்தத்தையும் மஞ்சளையும் ஒப்பிட்டு, 2019-ல் மஞ்சள்தான் முக்கியக் காரணம் என்று காட்டினார்கள்.

இதே முறைதான் கலிஃபோர்னியாவில் காண்டோர் கழுகுக்கும் உதவியது. 1982-ல் உலகத்திலேயே மிஞ்சியது வெறும் 22. வேட்டைக்காரர்கள் விட்டுப்போன இறைச்சியைத் தின்னும்போது தோட்டாத் துகளும் வயிற்றுக்குள் போகும். கழுகு ரத்தத்தின் ஐசோடோப் விகிதம் தோட்டாவோடு பொருந்துவதை 2006-ல் ஓர் ஆய்வு காட்டியது. 2019 ஜூலை 1 முதல் அந்த மாநிலத்தில் வேட்டைக்குக் காரீயத் தோட்டா முழுசா தடை.

வங்கதேசமும் சும்மா இருக்கல. சந்தையில் ரெய்டு, அபராதம், கையடக்க எக்ஸ்ஆர்எஃப் கருவியில் அங்கேயே சோதனை. 2019-ல் 47% மஞ்சள் மாதிரிகளில் இருந்த கலப்படம், 2021-ல் 0%.

ஏன் இவ்வளவு அவசரம்? உடம்பு காரீயத்தைக் கால்சியம்னு நினைத்து எலும்பில் சேர்த்து வைக்கும். கர்ப்ப காலத்தில் அது திரும்ப ரத்தத்துக்கு வந்து குழந்தைக்கும் போகும். பாதிப்பு மூளை வளர்ச்சிக்கு. பாதுகாப்பான அளவுன்னு எதுவுமே தெரியவில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். நம்ம நாட்டில் மஞ்சளுக்கு வரம்பு கிலோவுக்கு 10 மில்லிகிராம்.

ருசியில், வாசனையில் இது தெரியாது. அதனால கடையில் பளபளன்னு மின்னும் மஞ்சளைத் தேடாதீங்க. ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்கு டாபிக் தேடுறவங்க, உங்க ஊர் சந்தை மஞ்சளை லேப்ல டெஸ்ட் பண்ணிப் பாருங்க. அளந்து காட்டினால்தான் எதுவும் மாறும்.