போன் எடுத்துக் கொடுக்கும் அடுத்த சொல்

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வீட்டு அலுவல் பாதி வாட்ஸ்அப்பில்தான் நடக்கிறது. தட்டும்போது விசைகளுக்கு மேலே வந்து நிற்கும் மூன்று சொற்களைக் கையாளச் சில குறிப்புகள்.

1. நடுவில் வரும் சொல்லையே தொடர்ந்து அழுத்தாதீர்கள். பிள்ளைகள் விளையாட்டுக்குச் செய்து பார்ப்பார்கள். கொஞ்ச நேரத்தில் அதே நாலு சொல் சுற்றிச் சுற்றி வரும். அடுத்த சொல்லை எடுத்துக் கொடுக்கும் வேலைக்குப் பெயர்போனது மீள்நிகழ் நரம்பு வலை. ஒவ்வொரு சொல்லையும் வாங்கி உள்நினைவில் சேர்க்கும், அதிலிருந்து அடுத்ததைச் சொல்லும், சொன்னதையே திரும்ப வாங்கும். எப்போதும் முதலிடச் சொல்லையே எடுத்தால், ஏற்கெனவே இருந்த நிலைக்கு வந்ததும் பழைய வழியிலேயே மறுபடி போகும். ஒரு சொல்லைக் கையால் தட்டிவிட்டால் பெரும்பாலும் சுற்று அறுந்துவிடும்.

2. வசனம் நீண்டால் கடைசி வினையைப் பாருங்கள். "மாமி" என்று தொடங்கி, மயூரபதி அம்மன் கோயில், மழை, ஓட்டோ, சாமான் பை எல்லாம் சொல்லி முடிக்கையில், "வந்தா" என்பதற்குப் பதில் "வந்தது" என்று நீட்டக்கூடும். தொடக்கச் சொல்லின் தடம் படிக்குப் படி தேய்வது இந்த வலைகளின் பிறவிக் குறை. வினை கடைசியில் வரும் தமிழுக்கு அது பெரிய சோதனை. 1997இல் ஹோக்ரைட்டர், ஷ்மிட்ஹூபர் என்ற ஆய்வாளர்கள் நினைவுக்குள் எதை விடுவது, எதை வெளியே காட்டுவது என்று தீர்மானிக்கும் கதவுகளை வைத்தார்கள். மறப்பதற்கான கதவு பிறகுதான் வந்தது! குறை குறைந்தது, போய்விடவில்லை.

3. முகவரி, விலை, திகதிக்குப் பரிந்துரையை நம்பவே வேண்டாம். 47ஆம் ஒழுங்கையும் 57ஆம் ஒழுங்கையும் வலைக்கு ஒன்றுதான். சாப்பாடு கொண்டுவரும் தம்பிக்கு அப்படியில்லை.

4. "ஆழ்ந்த" என்றதும் "அனுதாபங்கள்" வந்தால் தாராளமாக எடுங்கள். எல்லோரும் ஒரே மாதிரி எழுதும் இடத்தில் அது கெட்டிக்காரன். பக்கத்தில் சிரிக்கும் முகம் ஒட்டிக்கொண்டு வருகிறதா என்று மட்டும் பார்த்து அனுப்புங்கள்.

5. மாசிச்சம்பல், கொச்சிக்காய் போன்றவற்றைத் திருத்த வந்தால் விட்டுக்கொடுக்காமல் தனி அகராதியில் சேர்த்துவிடுங்கள்.

6. போனை விற்க முன் கற்ற சொற்களை அழித்துவிடுங்கள். கூகுள் 2018இல் விவரித்த முறையில், சார்ஜில் சும்மா கிடக்கும் போனிலேயே வலைக்குப் பயிற்சி நடக்கும். தட்டியது வெளியே போகாது, கற்றதால் வந்த மாற்றம் மட்டும் போகும். நல்லதுதான். ஆனால் உங்கள் சொந்தச் சொற்கள் போனுக்குள்ளேயே தங்கியிருந்தால், வாங்கியவர் "அ" தட்ட உங்கள் அத்தானின் பெயர் வந்து நிற்கும்.